சந்திரன் முதுகைக் காட்டாததேன்?

சில மாதங்களுக்கு முன், பதினான்காம் பிறைக்கு அடுத்த இரவு, இஷாத் தொழுகை முடிந்தபின் வாசகசாலையின் முன்தாழ்வாரத்தில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். எதிர்வரிசைக் கடைவீடுகளின் ஓட்டுக்கு மேலே நிலவு ஏறி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி ஒருவர், பூமியைப் போலவே சந்திரனும் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்று சொல்லிவிட்டார். அருகிலிருந்த மளிகைக்கடை ஹாஜியார் அதை ஒப்பவில்லை.

"தம்பி, சுற்றுகிற பொருளுக்கு முதுகு தெரியாமல் போகுமா? பம்பரத்தை விட்டுப் பாரும், எல்லாப் பக்கமும் தெரியும். நான் ஊரில் பிள்ளையாக இருந்தபோது பார்த்த அதே முயல்தான் இன்றைக்கும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அறுபது வருஷமாக நகரவில்லை."

"மாமா, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

"புத்தகம் போட்டிருந்தால் காரணமும் போட்டிருக்குமே. அதைச் சொல்லும்."

தம்பி வாயடைத்துப் போனார். நாமும் ஏதோ சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டோம் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறோம். தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று, பிறருக்கு விளக்கப் புகுந்தபோது தெரியாததாகிவிட்டது. பெரியவர் தம் கண்ணால் கண்டதைச் சொன்னார். பிள்ளை படித்ததைச் சொன்னார். இரண்டும் உண்மையே. இரண்டும் எவ்வாறு ஒத்துப்போகும் என்பதை அதன்பின் தேடிப் படித்துத் தெளிந்தோம். படித்தது இதுதான்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறையின் நடுவில் ஒரு நாற்காலியை வைத்து, அதுதான் பூமி என்று கொள்க. நீங்கள் சந்திரன். நாற்காலியை நோக்கிய முகத்தைத் திருப்பாமல் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்து வாருங்கள். நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் உங்கள் முகத்தை மட்டுமே காண்பார், முதுகைக் காணமாட்டார். ஆனால் அறையின் சுவர்களைக் கவனியுங்கள். தொடங்கும்போது கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றீர்கள். கால்வட்டம் நடந்ததும் வேறொரு சுவர். அரைவட்டத்தில் மேற்குச் சுவர். சுற்று முடிவதற்குள் நான்கு சுவர்களும் உங்கள் கண்முன் வந்து போயிருக்கும். ஒருமுறை முழுதும் திரும்பாமல் நான்கு சுவரையும் ஒருவன் பார்க்க முடியாது. இனி, கிழக்குச் சுவரை விட்டு முகத்தை எடுக்காமல் அதே வட்டத்தில் நடந்து பாருங்கள். இப்போது நாற்காலியில் இருப்பவர் உங்கள் முகம், தோள், முதுகு எல்லாவற்றையும் கண்டுவிடுவார். ஆக, சந்திரன் திரும்பாமல் இருந்தால்தான் நமக்கு அதன் முதுகு தெரிந்திருக்கும். திரும்புவதால்தான் தெரியவில்லை!

இதைச் சொன்னபோதும் ஹாஜியார் முகம் தெளியவில்லை. பிறகு நாம் தவாபை நினைவூட்டினோம். கஃபாவைத் தம் இடப்புறத்தில் வைத்தே ஹாஜிகள் சுற்றி வருகிறார்கள். இடத்தோள் எப்போதும் கஃபாவின் பக்கமே. வலத்தோள் ஒருபோதும் அப்பக்கம் வருவதில்லை. எனினும் ஹஜருல் அஸ்வதிலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே வந்து சேர்வதற்குள் அவர் முகம் நான்கு திசைகளையும் நோக்கிவிடுகிறது. ஹாஜியார் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். "அப்படியானால் ஏழு சுற்றில் நான் ஏழு தடவை திரும்பியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லையே" என்றார். (வணக்கத்தை வான சாஸ்திரத்தோடு ஒப்பிட்டோம் என்று யாரும் கொள்ள வேண்டா. கால் நடந்த பாதையை மட்டுமே சொன்னோம்.)

சந்திரனும் அவ்வாறே. பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. தன்னைத்தானே ஒருமுறை திரும்பவும் அதே 27 நாள் 7 மணி 43 நிமிடந்தான்.

இங்கே தம்பி ஒரு கேள்வி கேட்டார். நம் நாட்டில் நிலவு உதிக்கும்போது முயல் ஒருவிதமாகவும், மறையும்போது தலைகீழாகவும் தெரிகிறதே, அது என்ன என்றார். நல்ல கேள்வி. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வசிப்பதால் நிலவு ஏறக்குறைய நம் தலைக்கு மேலாகவே கடந்து செல்கிறது. கிழக்கில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு உடலைத் திருப்பி மேற்கில் பார்க்கிறோம். உதிக்கும்போது மேலே இருந்த ஓரம் மறையும்போது கீழே போய்விடுகிறது. திரும்பியது நாமே ஒழியச் சந்திரனன்று. தெரியும் முகம் அதே முகந்தான்.

இனி, இந்த இரண்டு கணக்கும் எவ்வளவு துல்லியமாக ஒத்திருக்கின்றன என்று பார்ப்போம். வியாபாரிகளுக்கு இது சுவையாக இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் சந்திரன் ஒரே ஒரு நிமிடம் பிந்தித் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 27 நாள் 7 மணி 43 நிமிடம் என்பது 39,343 நிமிடம். அதில் ஒரு நிமிடத்தைக் கடையில் யார் பொருட்படுத்துவார்? ஆயினும் அந்த ஒரு நிமிடம் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போய், சுமார் 1,470 ஆண்டுகளில் சந்திரன் முழுதும் முதுகைக் காட்டி நிற்கும். ஹிஜ்ரத் நடந்தது கி.பி. 622இல். அன்றைய மக்கள் கண்ட முகம் இன்று ஏறக்குறைய மறைந்தே போயிருக்க வேண்டும். போகவில்லை. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சந்திரனின் முகத்திலுள்ள கறைகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். பூமியின் கடலும் மலையும் கண்ணாடியில் போல அங்கே பிரதிபலிக்கின்றன என்று சிலர் சொல்லி வந்ததை மறுத்து, கறை சந்திரனின் உடலிலேயே உள்ளது என்றார். அவர் ஆராய்ந்த கறையும் நாம் வாசகசாலைத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த கறையும் ஒன்றே.

இத்தனை துல்லியம் தற்செயலாக வாய்த்திருக்க முடியாது. எந்தக் கை இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக்கியது? விடை நமக்குப் பழக்கமான இடத்திலேயே இருக்கிறது. அதுதான் கடலின் ஏற்றவற்றம்.

கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் சுமார் நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறது. சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான்கள் ஓடிய காலத்தைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1983இல் சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு அகற்றப்படும்வரை, வற்றத்தில் சேறும், ஏற்றத்தில் காவெனா பாலத்தின் கீழே நுழைய முடியாத நிலையுமாகப் படகுக்காரர் நேரம் பார்த்தே காத்துக் கிடந்தனர். அந்தத் தண்ணீரை ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் சந்திரனின் ஈர்ப்பு. ஈர்ப்பு சக்தி தூரத்தைப் பொறுத்துக் குறையும். ஆகவே பூமியில் சந்திரனுக்கு நேர் எதிரான பக்கம் சற்று அதிகமாகவும், மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இழுக்கப்படுகிறது. இந்த வேற்றுமையால் பூமி இருபக்கமும் சிறிது நீளுகிறது. நீர் மட்டுமன்று, நாம் நிற்கும் தரையுங்கூட இதனால் அதிக அளவாகச் சுமார் 30 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது; கடையும் சாலையும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை.

சந்திரன் பூமியை இழுத்தால், பூமி சந்திரனை இழுக்காதா? பூமியின் எடை சந்திரனைப்போல் 81 மடங்கு. சந்திரனின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். இக்கணக்கின்படி, சந்திரனின் இப்பக்கத்துக்கும் அப்பக்கத்துக்கும் பூமியின் இழுப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைந்த வேற்றுமை உண்டு. சந்திரனில் கடல் இல்லை. பாறையே நீளவேண்டும். நீண்டது.

ஆதியில் சந்திரன் இப்போதிருப்பதைவிட நமக்கு மிக அருகில் இருந்தது, விரைவாகவும் சுழன்றது. தூரம் பாதியானால் இந்த நீட்டும் சக்தி எட்டு மடங்காகும். எனவே அன்று அதன் உடலில் எழுந்த புடைப்பு பெரியது. பாறை உடனே எழுந்து உடனே அடங்கும் பொருளன்று. பூமிக்கு நேராக எழுந்த புடைப்பு அடங்குவதற்குள் சந்திரனின் சுழற்சி அதை முன்னே கொண்டுபோய்விடும். பூமியோ அந்தப் புடைப்பைப் பிடித்துப் பின்னே இழுக்கும். சுழலும் சைக்கிள் சக்கரத்தில் பிரேக் கட்டை உராய்வது போன்ற செயல் இது. சுழற்சியின் வேகம் உள்ளுராய்வில் சூடாகிக் கரைந்தது. வேகம் குறைந்து குறைந்து, புடைப்பு பூமிக்கு நேராகவே நின்றுவிடும் நிலை வந்தபோது பின்னுக்கு இழுக்க எதுவும் மிஞ்சவில்லை. மிகப் பழங்காலத்திலேயே இது முடிந்துவிட்டது.

அதன்பின் அந்நிலை ஏன் கலையவில்லை என்று கேட்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். எப்பக்கம் தள்ளினாலும் சற்று ஆடிவிட்டுக் கனத்த அடிப்பாகத்தைத் தரையில் ஊன்றி நிமிர்ந்துவிடும். சந்திரனின் நீண்ட அச்சும் அவ்வாறே பூமியை நோக்கி வந்து நிற்கிறது. சிறிது விலகினாலும் பூமியின் இழுப்பு அதை மீட்டுக்கொண்டுவரும். சந்திரன் இவ்வாறு சற்றே நீண்ட உருவமாக இருப்பதையும், அதனாலேயே ஒருமுகமாக நிற்பதையும் நியூட்டன் 1687இல் வெளியான தம் பெருநூலில் சொல்லிவிட்டார். பின்னர் லாக்ராஞ்ச் என்னும் பிரெஞ்சுக் கணித மேதை இதை விரிவாகக் கணக்கிட்டு 1764இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்றார்.

இந்த வழக்கில் பூமியும் தப்பவில்லை. சந்திரன் எழுப்பும் ஏற்றவற்றத்தால் பூமியின் சுழற்சியும் பிரேக் பிடிக்கப்படுகிறது. பேரேட்டில் ஒருவர் பற்று மற்றவர் வரவு என்று எழுதுவோமல்லவா? பூமி இழக்கும் சுழற்சி வீணாகாமல் சந்திரனின் பாதைக்கு வரவாகிறது. அதனால் சந்திரன் நம்மைவிட்டு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969 முதல் விண்வெளி வீரர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்புக் கருவிகளின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பும் நேரத்தை அளந்து இதைக் கண்டார்கள். நம் ஒரு நாளும் நூறாண்டுக்குச் சுமார் ஆயிரத்தில் இரண்டு விநாடி நீளுகிறது. இதை அளக்கப் பழைய கிரகணக் குறிப்புகள் உதவின. கெய்ரோவின் இப்னு யூனுஸ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நேரத்தோடு எழுதிவைத்த கிரகணங்களும் அவற்றில் அடங்கும். 1963இல் ஜான் வெல்ஸ் என்பவர் ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுப் பழமையான பவளப் படிவங்களில் நாள்வரிகளை எண்ணி, அன்று ஓராண்டுக்குச் சுமார் 400 நாள் இருந்ததாகக் கண்டார். அதாவது ஒரு நாளுக்கு 22 மணி நேரமே.

ஒருமுகமாக நிற்பது நம் சந்திரனுக்கு மட்டும் உரியதன்று. வியாழனின் நான்கு பெரிய சந்திரன்களும், செவ்வாயின் இரண்டும் தத்தம் கிரகத்துக்கு ஒரே பக்கத்தையே காட்டுகின்றன. புளூட்டோவும் அதன் துணையான ஷாரோனும் ஒன்றையொன்று நோக்கி முகம் திருப்பாமல் நிற்கின்றன, இருவருமே கட்டுண்டவர்கள். ஆயினும் எல்லாவற்றையும் இந்த அச்சிலேயே வார்த்துவிட முடியாது. புதன் சூரியனுக்கு ஒரே முகம் காட்டுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கியாபரெல்லி அறிவித்தார். முக்கால் நூற்றாண்டு எல்லாப் பாடப்புத்தகங்களும் அதையே எழுதின. 1965இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடார் அது தவறென்று காட்டிற்று. புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. தன்னைத்தான் திரும்புவதோ சுமார் 59 நாளில். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதாலேயே ஏற்காத ஹாஜியார், புதன் விஷயத்தில் வென்றிருப்பார்.

சந்திரன் முதுகைக் கொஞ்சமும் காட்டுவதில்லையா என்றால், ஓரத்தைக் கொஞ்சம் காட்டுகிறது. அதன் பாதை சரியான வட்டமன்று. அருகில் வரும்போது விரைந்தும் தூரத்தில் மெதுவாகவும் ஓடுகிறது. தன்னைத்தான் திரும்பும் வேகமோ மாறுவதில்லை. ஆகவே ஒரு சமயம் திருப்பம் ஓட்டத்தைவிடச் சற்று முந்தும், ஒரு சமயம் பிந்தும். அதன் அச்சும் பாதைக்குச் சற்றுச் சாய்ந்தே இருப்பதால் வட ஓரத்தையும் தென் ஓரத்தையும் மாறிமாறி எட்டிப் பார்க்க முடிகிறது. இவ்வாறு சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 59 பங்கு நம் பார்வைக்கு வந்துவிடுகிறது. மீதி 41 பங்கைப் பூமியில் நின்று எவரும் கண்டதில்லை.

இதை நாமே பார்க்கலாம். பிறை மூன்றிலிருந்து ஐந்துக்குள், வானம் தெளிந்த மாலையில் பைனாகுலர் கொண்டு நோக்கினால், ஒளிரும் ஓரத்துக்கு அருகில் முட்டை வடிவமாகத் தனித்த கறை ஒன்று தெரியும். மாரே கிரிசியம் என்பது அதன் பெயர். அதற்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். சில மாதங்கள் இவ்வாறு செய்தால் அந்த இடைவெளி அகன்றும் குறுகியும் வருவதைக் காண்பீர்கள். அந்த இடைவெளியில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு, முன்னே சொன்ன இப்னு அல்ஹைதமின் பெயரை ஐரோப்பிய வழக்கில் 'அல்ஹாசன்' என்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே ஓரத்தைத் தாண்டினால், முதுகுப் பக்கத்தின் தொடக்கத்தில், அல்பிரூனியின் பெயர் கொண்ட பெரும்பள்ளம் இருக்கிறது. இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அதே அல்பிரூனிதான். இருவரும் ஒரே காலத்தவர். ஒருவர் எப்போதும் நம் பார்வையில். மற்றவர் சந்திரன் சற்று ஆடித் திரும்பும் சில இரவுகளில் மட்டும் தலைகாட்டுகிறார்.

முதுகு முழுவதையும் மனிதன் முதலில் கண்டது படத்தில்தான். 1959 அக்டோபர் 7ஆம் நாள் சோவியத் ருஷ்யாவின் லூனா 3 என்னும் கலம் சந்திரனுக்கு அப்பால் சென்று 29 படங்கள் பிடித்தது. மங்கலான படங்களே, எனினும் அப்பக்கத்தின் நூற்றுக்கு எழுபது பங்கு அவற்றில் விழுந்திருந்தது. எல்லாரும் வியந்த செய்தி என்னவெனில், நம் பக்கத்தில் சுமார் மூன்றிலொரு பங்கு பரவியுள்ள கருங்கறைகள் அப்பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. பார்க்குமிடமெல்லாம் பள்ளங்களே. அங்கிருந்து நோக்குவோருக்கு முயலுமில்லை, பாட்டியுமில்லை. 1968 டிசம்பர் 24இல் அப்பல்லோ 8 கலத்தில் சென்ற மூவர் அதை நேரில் கண்டனர். சீனாவின் சாங்-ஏ 4 கலம் 2019 ஜனவரி 3இல் அங்கே இறங்கியது. அப்பக்கத்திலிருந்து பூமி ஒருபோதும் தெரியாதாகையால் நேரே செய்தி அனுப்ப வழியில்லை. இடையில் ஓர் அஞ்சல் துணைக்கோளை முன்கூட்டியே நிறுத்தவேண்டியிருந்தது. 2024 ஜூனில் சாங்-ஏ 6 அங்கிருந்து 1,935 கிராம் மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது.

கடைசியாக, நாம் திருத்திக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. முன்னொரு இதழில் இந்தச் சீனக் கலத்தைப் பற்றிய குறிப்பில், 'சந்திரனின் இருண்ட பக்கம்' என்று அச்சிட்டுவிட்டோம். அது பிழை. பூமி ஒரு பக்கத்தையே காண்கிறது. சூரியனோ எல்லாப் பக்கத்தையும் காண்கிறது. ஒரு பிறையிலிருந்து மறுபிறைக்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள். இந்தக் காலத்தில் சந்திரனின் ஒவ்வோரிடத்திலும் ஏறக்குறைய இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. நம் ஹிஜ்ரி ஆண்டு ஒன்று அங்கே பன்னிரண்டே நாள். தலைப்பிறை பார்க்க நாம் கடற்கரையில் கூடி நிற்கும் அந்திப்பொழுதில், நம்மை நோக்கிய முகம் ஒரு கீற்று நீங்கலாக இருளில் இருக்க, முதுகு முழுவதும் வெயில் காய்கிறது. ஆகவே அன்பர்கள் அந்த இதழைப் பாதுகாத்து வைத்திருந்தால், 'இருண்ட பக்கம்' என்பதை 'காணாத பக்கம்' என்று திருத்தி வாசிக்குமாறு வேண்டுகிறோம்.